ஐம்பத்திரண்டு லிட்டர்

நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம் சுற்று.
எண்ணெய் கேட்பதில்லை.
ஒற்றைத் தண்டு
காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது.
கதவுக்கு வெளியே நின்றால்
மூடிய வாய்க்குள் யாரோ ஒரே சுரத்தை
விடாமல் பிடித்திருப்பதுபோல் கேட்கும்.

காலிக்ஸ் ஆறு கடலில் கரையும் இடத்தில்
எங்கள் ஊரின் விளையாட்டுக் கூடம்.
சுவருக்கு இந்தப் பக்கம் குளம், இருபத்தெட்டு டிகிரி.
அந்தப் பக்கம் பையன்கள் மட்டையோடு சறுக்கும் ஐஸ் தளம்.
நடுவே
பீரோ அளவில் ஒரு டர்பைனும் நானும்.

நகரசபையின் லாண்டோ அம்மாள் கேட்டாள்:
"நெருப்பை வைத்து ஐஸ் செய்வாயா, ஹில்லவி?"
மூன்று முறை படம் வரைந்தேன்.
மின்சாரம் விளக்குகளுக்குப் போகிறது,
புகையின் சூடு குளத்துக்கு,
அதிலேயே ஒரு பங்கு அம்மோனியாவைக் கொதிக்க வைக்கிறது,
கொதித்தது ஆறி, விரிந்து,
மறுபடி தண்ணீரில் கரையப் போகும் வழியில்
சுற்றியுள்ள சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது.
நான்காம் முறை அவள் கையைப் பிடித்து
ஒரு குழாயருகே நீட்டினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.
அடுத்த குழாயில் உறைபனி பூத்திருந்தது.
நம்பவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

எரிபொருள் லாரியில் வரும்.
காகித ஆலையின் கறுப்புக் கழிவிலிருந்து எடுப்பது.
பழைய பெயர் மரச்சாராயம்.
பகலில் அதன் சுடர் தெரியாது.
பயிற்சியில் ஒரு தட்டில் ஊற்றிக் கொளுத்தினார்கள்.
வெறும் தட்டுதான் தெரிந்தது.
மேலே காகிதத்தைப் பிடித்ததும்
அது கருகிச் சுருண்டது.
அன்றிரவு நான் தூங்கவில்லை.

நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாதுதான்.
ஆனாலும் மெத்தனால் என்ற சொல்லை
எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருடமாக
யாரும் நாக்கில் வைத்ததில்லை.

அண்ணன் ரூனார். அப்போது பத்தொன்பது வயது.
சூரியன் அடங்காத ஒரு ஜூன் இரவு,
ஆலையிலிருந்து யாரோ கடத்திவந்த புட்டி.
மறுநாள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து
"ஏன் வீட்டுக்குள் பனி பெய்கிறது?" என்று கேட்டான்.
அந்தப் பனி நிற்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் நீந்த வருவான்.
மிதவைக் கயிற்றை விரல்நுனியால் தொட்டுத் தொட்டு
முப்பது தடவை, ஒன்று கூடாது குறையாது.
முதல் மாதம் கேட்டான்: "தண்ணீர் இதமாயிருக்கிறதே, புது பாய்லரா?"
"ஆமாம்" என்றேன்.
அந்த ஆமாமைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இரண்டு குளிர்காலம் திரிந்தேன்.

பிப்ரவரிப் புயலில் மின்கம்பிகள் அறுந்தன.
ஊரே அணைந்தது.
டர்பைன் ஒரு கணம் மூச்சடக்கி,
கட்டமைப்பிலிருந்து கழன்று,
தனித்தீவாக ஓடத் தொடங்கியது.
படுக்கைப் பைகளோடு வந்தார்கள்,
இரண்டு நாய்கள், இன்சுலின் வைத்த ஒரு டப்பா,
ஸ்வீடிஷ் பேசத் தெரியாத ஒரு லாரி ஓட்டுநர்.
வேலிக் கம்பியைப் பிடித்தபடி ரூனாரும் வந்தான்.
இருட்டு அவனுக்குப் பொருட்டில்லை, குளிர்தான்.

இயந்திர அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.
பிறகு,
"இது என்ன குடிக்கிறது?"

சொன்னேன்.
சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல்
அழுத்தமானியைப் பார்த்தேன்,
அதில் ஒரு மாற்றமும் இல்லை.
ஐஸ் பக்கம் யாரோ வழுக்கி விழுந்து சிரித்தார்கள்.

"மணிக்கு எவ்வளவு?"
"முழுச் சுமையில் ஐம்பத்திரண்டு லிட்டர்."

உதடு அசைந்தது.
ஏதோ கணக்குப் போடுகிறான் என்று நினைத்தேன்.

"நான் குடித்தது அரைத் தம்ளர்" என்றான்.

எழுந்தான்,
சுவரைத் தடவிக்கொண்டே போய்
என் அலமாரியில் துண்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு
குளத்துப் பக்கம் நடந்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை.